காட்சி, கருதல், உரை: ஷெர்லாக் ஹோம்ஸ் அளந்த அந்தமான்

துப்பறியும் கதைகளை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள நம் புலவர் பெருமக்கள் பலர் தயங்குவார்கள். இரயில் பயணத்திலும் கப்பல் பயணத்திலும் பொழுது போக்கப் படிப்பது என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த நாளில் சென்னையிலிருந்து இங்கே வர மூன்று நாள் கப்பலில் கிடந்தவர்களுக்கு அந்தப் புத்தகங்களின் அருமை தெரியும். ஆனால் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் அந்தக் கதைகள்தாம் எது சான்று, யார் சொன்னால் நம்பலாம், எதை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சொல்லலாம் என்ற கேள்விகளை வீட்டுத் திண்ணை வரைக்கும் கொண்டுவந்தவை. ஆகவே அவற்றையும் தராசில் வைத்துப் பார்ப்பது நம் கடமை.

அமெரிக்காவில் 'வெஸ்டர்ன்' என்று ஒரு வகை உண்டு. குதிரை, துப்பாக்கி, புழுதித் தெரு, ஒரு மார்ஷல். நம்ம ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2003-ஆம் ஆண்டில் அங்கே 'பீஸ்மேக்கர்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1882-ல் கொலராடோ மாநிலத்துச் சில்வர் சிட்டி என்ற ஊரில் நடப்பதாகக் கதை. பழைய பாணி மார்ஷல் ஒருவர், படித்த துப்பறிவாளர் ஒருவர், பிணத்தைப் பார்த்துச் சாவின் காரணம் சொல்லத் தெரிந்த பெண் ஒருவர். மூவரும் சேர்ந்து அன்றைக்குப் புதிதாக இருந்த தடயவியலைக் கொண்டு குற்றம் கண்டுபிடிப்பார்கள். ஒன்பது பகுதியோடு தொடர் நின்றுபோனது. இத்தகைய கதைகளின் அடிப்படை ஒன்றுதான். சட்டம் இன்னும் காலூன்றாத எல்லைப்புறத்துக்கு விஞ்ஞானம் வருகிறது, இனி நீதி தவறாது என்பது அவற்றின் நம்பிக்கை.

அந்த எல்லைப்புறம் நம் அந்தமானாகவே அமைந்த கதை ஒன்று உண்டு. ஆர்தர் கோனன் டாயில் எழுதி 1890 பிப்ரவரியில் 'லிப்பின்காட்ஸ்' மாத இதழில் வெளியான 'நால்வர் குறி' என்னும் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல். இங்கிலாந்தின் கிரனடா நிறுவனம் 1987 டிசம்பரில் அதைத் தொலைக்காட்சிப் படமாக்கியது. ஜெரமி பிரெட் ஹோம்ஸாகவும், ஜான் தா மரக்கால் கைதி ஜொனதன் ஸ்மாலாகவும் நடித்தார்கள். டோங்கா என்ற அந்தமான் மனிதனாக வந்தவர் கிரண் ஷா. நாவலையும் படத்தையும் சேர்த்து, இந்தத் தீவில் பிழைக்க வந்து இங்கேயே ஊன்றிப்போன ஒருவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

கதைச் சுருக்கம்

1857 கலகத்தின்போது ஆக்ரா கோட்டையில் வியாபாரி வேடத்தில் வந்த ஒருவனைக் கொன்று புதையலை ஒளித்த நால்வரில் ஜொனதன் ஸ்மால் ஒருவன். ஆயுள் தண்டனை பெற்று, சென்னை வழியாக அந்தமானுக்கு வருகிறான். இங்கே காவலில் இருந்த மேஜர் ஷோல்டோ, கேப்டன் மார்ஸ்டன் இருவரிடமும் புதையல் ரகசியத்தைச் சொல்லி விடுதலைக்குப் பேரம் பேசுகிறான். ஷோல்டோ எல்லோரையும் ஏமாற்றிவிட்டுப் புதையலோடு லண்டன் போய்ச் சேர்ந்து ஒரு மாளிகை வாங்குகிறார். மாளிகையின் பெயர் என்ன தெரியுமா? 'பாண்டிச்சேரி லாட்ஜ்'. நம் ஊர்ப்பெயர் லண்டன் புறநகரில் ஒரு கொலை வீட்டுக்குப் பெயராகப் போயிருக்கிறது! ஸ்மால், நோயுற்றுக் கிடந்த டோங்காவைக் காப்பாற்றி, அவன் படகிலேயே தப்பி, வருடக்கணக்கில் அலைந்து லண்டன் சேர்கிறான். ஷோல்டோவின் மகன் பார்த்தலோமியோ பூட்டிய அறைக்குள் நச்சு முள் தைத்துச் செத்துக் கிடக்கிறான். ஹோம்ஸ் வருகிறார்.

மூன்று அளவை

நம் தருக்க நூலோர் ஒன்றை அறிவதற்குக் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்வார்கள். கண்ணால் கண்டறிவது காட்சி. கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டோ, நூலில் படித்தோ அறிவது உரை. மூன்றாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சொன்னவர் ஆப்தராக, அதாவது விஷயம் தெரிந்தவராகவும் பொய் சொல்லக் காரணம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு அளவையிலும் ஹோம்ஸை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மாடியில் சிந்திய கிரியோசோட் எண்ணெயில் ஒரு சின்னப் பாதம் பதிந்திருக்கிறது. வாட்சன் அதைக் குழந்தைக் கால் என்று திகைக்கிறார். ஹோம்ஸ் நிதானமாகப் பார்க்கிறார். விரல்கள் ஒன்றோடொன்று நெருங்காமல் தனித்தனியாக விரிந்திருக்கின்றன. செருப்பே போடாத கால் என்று முடிவு கட்டுகிறார். அந்த எண்ணெய் வாடையை வைத்து டோபி என்ற நாயை விட்டு லண்டன் தெருவெல்லாம் தேடுகிறார். அடிச்சுவட்டைப் பாரிஸ் சாந்தில் வார்த்தெடுப்பது பற்றித் தனி நூலே எழுதியிருப்பதாக நாவலின் தொடக்கத்தில் பெருமையும் பேசுகிறார். 1890-ல் இவை எல்லாம் சாமானிய வாசகனுக்குப் புதுமை. புலனாய்வுக்கு முதல் பெருநூல் என்று சொல்லத்தக்க ஹான்ஸ் கிராஸின் நூல் ஜெர்மன் மொழியில் 1893-ல்தான் வந்தது. அதன் ஆங்கில வடிவம் 1906-ல் அச்சானது நம் சென்னையில் என்பது தமிழர்கள் பலருக்குத் தெரியாத செய்தி. சென்னையில் அரசு வழக்கறிஞர்களாக இருந்தவர்களே அதை இந்திய நிலைமைக்கு ஏற்ப மொழிபெயர்த்தார்கள்.

இதுவரை சரி. மூன்றாவது அளவையில்தான் சறுக்கல்.

கெசட்டியர் சொன்னது

செருப்பில்லாத சின்னக் கால், நச்சு முள். யாராக இருக்கும்? ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு கெசட்டியரின் முதல் தொகுதியை எடுத்து வாட்சனுக்கு வாசித்துக் காட்டுகிறார். அந்தமான் பழங்குடிகள் உலகிலேயே குள்ளமான இனமாக இருக்கலாம், சராசரி உயரம் நான்கு அடிக்கும் கீழே, கொடியவர்கள், கப்பல் உடைந்து கரை சேர்ந்தவர்களைக் கொன்று தின்பவர்கள் என்று அது சொல்கிறது. நம்பிக்கை பிறந்துவிட்டால் உயிர் நட்புக் கொள்வார்கள் என்று ஒரு வரியும் அதில் உண்டு. அந்த வரியை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கணத்திலிருந்து வழக்கு முடிந்ததாகவே பாவிக்கப்படுகிறது.

இந்த உரை ஆப்தர் உரைதானா? எட்வர்ட் ஹொரேஸ் மேன் என்ற அதிகாரி இங்கே பல ஆண்டுகள் பழங்குடிகளோடு பழகி, அவர்கள் மொழி கற்று, எழுதிய ஆய்வு லண்டனில் மானிடவியல் கழக இதழில் 1883-ல் வெளியாகி, 1885-ல் நூலாகவும் வந்துவிட்டது. ஆண்களின் சராசரி உயரம் நான்கு அடி பத்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் என்று அளந்தே எழுதினார். மனித மாமிசம் தின்னும் வழக்கம் இல்லை என்று மறுத்தார். அவர்கள் ஆயுதம் வில்லும் அம்பும். அம்பில் நஞ்சு தடவுவதில்லை. ஊதுகுழலால் முள் எய்வது அந்தமானில் கிடையவே கிடையாது. நாவல் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே லண்டனில் கிடைத்த நூல் இது. மேன் பக்கத்தில் இருந்து பார்த்தவர். கெசட்டியர் என்று டாயில் கற்பித்ததோ, மார்க்கோ போலோ காலத்திலிருந்து மாலுமிகள் வாய்வழியாகச் சொல்லிவந்த பயக்கதையின் அச்சு வடிவம்.

பெயர்களைப் பாருங்கள். நால்வரில் சீக்கியர் என்று சொல்லப்படுபவர்களுக்கு முகமது சிங், அப்துல்லா கான், தோஸ்த் அக்பர் என்று பெயர். குருத்வாராவுக்குப் போகிற எந்தச் சர்தார்ஜியிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார். டோங்கா என்பதும் அந்தமான் மொழிப் பெயராகத் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்த டோங்கா வடநாட்டுக் குதிரை வண்டி. ஆனால் ஹோப்டவுன், மவுண்ட் ஹாரியட், ரட்லண்ட் தீவு என்று இடப்பெயர்கள் மட்டும் அச்சுப் பிசகாமல் வருகின்றன. வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி குத்திக் கொன்றது அதே ஹோப்டவுனில்தான். மவுண்ட் ஹாரியட் 2021 முதல் மவுண்ட் மணிப்பூர் ஆகிவிட்டது. போர்ட் பிளேயரே 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். வரைபடத்தைச் சரியாகப் பார்த்த எழுத்தாளர் மனிதரைப் பார்க்கவில்லை.

சோதிக்காத முள், கேட்காத சாட்சி

கடைக்காரன் கணக்கில் இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது.

ஒன்று, அந்த முள். இறந்தவன் முகத்தின் இழுப்பைப் பார்த்து எட்டிக்கொட்டைச் சத்துப் போன்ற ஏதோ தாவர நஞ்சு என்று வாட்சன் யூகிக்கிறார். ஹோம்ஸ் பெரிய ரசாயனப் பிரியர். இந்த வழக்கின் நடுவிலேயே வேறு ஏதோ ரசாயன ஆராய்ச்சியில் இராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்த முள்ளை எடுத்துச் சோதித்ததாகக் கதையில் இல்லை. சென்னை மாகாணத்தில் 1849-லேயே அரசு ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. சந்தேக மரணங்களில் நஞ்சைக் கண்டறிவதுதான் அதன் முக்கிய வேலை. நம் பக்கத்து ஒரு தாசில்தார் செய்திருக்கக்கூடிய காரியத்தை உலகப் புகழ்பெற்ற ஹோம்ஸ் செய்யவில்லை. செய்து, இந்த நஞ்சு அந்தமானுடையதா என்று விசாரித்திருந்தால் கதையே ஆட்டம் கண்டிருக்கும்.

இரண்டு, சாட்சி. டோங்கா அங்கே இருந்தான் என்பதற்குக் காலடி சான்று. சரி. ஆனால் அவன் தானாகவே, ஸ்மாலின் சொல் இல்லாமல், கொன்றான் என்பதற்கு என்ன சான்று? ஸ்மாலின் வாக்குமூலம் ஒன்றே. தான் கயிற்றில் ஏறி வருவதற்குள் அவன் முள்ளை எய்துவிட்டான், அதற்காக அவனைக் கயிற்றாலேயே அடித்தேன் என்கிறான் ஸ்மால். பழி முழுவதும் செத்தவன் தலையில். உடன் குற்றவாளியின் சாட்சியம் வேறு சான்றால் உறுதிப்பட்டாலொழிய நம்பத் தகாததாகக் கருதப்படலாம் என்று 1872-ஆம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டமே சொன்னது. அந்தச் சட்டம் 2024 ஜூலை முதல் புதிய பாரதிய சாக்ஷிய அதிநியமாக மாறிவிட்டது, ஆனால் அந்த எச்சரிக்கை மாறவில்லை. ஹோம்ஸுக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை. தேம்ஸ் நதியில் துரத்தும்போது ஹோம்ஸும் வாட்சனும் சுட, டோங்கா தண்ணீரில் விழுந்து மறைகிறான். விசாரணையும் இல்லை, வாக்குமூலமும் இல்லை. நாவலில் அவனுக்கென்று ஒரு பேச்சு எழுதப்படவில்லை.

கிரனடா படம் பல வகையில் நேர்த்தியானது. ஜெரமி பிரெட்டின் கண் பார்க்கிற விதமே ஒரு பாடம். ஸ்மாலின் மனக்கசப்புக்கு ஜான் தா உயிர் கொடுக்கிறார், அந்தக் கொலைகாரன் மேலும் நமக்கு இரக்கம் வருகிறது. ஆனால் கிரண் ஷா போன்ற நடிகரைப் போட்டும், டோங்காவை ஒப்பனையாலும் நிழலாலும் அச்சமூட்டும் உருவமாகவே நிறுத்திவிட்டார்கள். நாவலில் இருந்த குறையைத் திருத்த நூறு வருடத்துக்கு அப்புறம் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அது நழுவிப் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்ச்சான்று நாவலுக்குள்ளேயே இருக்கிறது. டோங்காவோடு வருடக்கணக்கில் வாழ்ந்த ஒரே ஆள் ஸ்மால். அவனைப் போல விசுவாசமான தோழன் இல்லை என்று அவனே சொல்கிறான். 'நரமாமிசம் தின்னும் கறுப்பன்' என்று பெயர் சூட்டிச் சந்தைகளில் டோங்காவைக் காட்சிப் பொருளாக நிறுத்திக் காசு சம்பாதித்தோம் என்றும் அவனே சொல்கிறான். அதாவது நரமாமிசப் பட்டம் ஒரு விளம்பரப் பலகை! கடை வைத்திருப்பவர்களுக்கு விளம்பரப் பலகையை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். டாயில் இதைத் தன் கையாலேயே எழுதிவிட்டு, அதன் பொருளைப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டார்.

நடந்த கதை

ஸ்மால் கதைக்கு நிஜத்தில் ஒரு ஜோடி உண்டு. 1858 மார்ச்சில் இங்கே கைதிக் குடியேற்றம் தொடங்கிய சில வாரங்களிலேயே தப்பியோடியவர்களில் துத்நாத் திவாரி ஒருவன். பழங்குடிகளின் அம்பு பட்டுக் காயத்தோடு அகப்பட்டவனை அவர்கள் கொல்லவில்லை. தங்களோடு வைத்துக்கொண்டு பெண்ணும் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் அவர்களோடு இருந்தவன், வெள்ளையர் முகாமைத் தாக்க அவர்கள் திட்டமிட்டபோது ஓடிவந்து காட்டிக்கொடுத்தான். 1859 மே 17-ல் நடந்த அபர்தீன் போரில் வில்லும் அம்பும் துப்பாக்கியிடம் தோற்றன. திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. கதையில் காட்டுமனிதன் கொலைகாரன், நிஜத்தில் அவன் அடைக்கலம் கொடுத்தவன். நிஜத்தில் துரோகம் செய்தவன் நாகரிகப் பக்கத்து ஆள். அபர்தீனில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தைத் தினமும் தாண்டிப் போகிற நம்மில் எத்தனை பேர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

அதற்கப்புறம் வந்த கணக்கு இன்னும் கசப்பு. 1858-ல் சில ஆயிரம் பேர் இருந்த பெரிய அந்தமானியர், 1877-ன் தட்டம்மையாலும் மேகநோய் முதலிய வந்தேறி வியாதிகளாலும் அழிந்து, 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-ல் 19 பேர். 'போ' மொழி பேசிய கடைசி மூதாட்டி போவா சீனியர் 2010 ஜனவரி 26-ல் காலமானார். டாயில் டோங்காவைக் கொடியவனாக எழுதிக்கொண்டிருந்த அதே வருடங்களில் செத்துக்கொண்டிருந்தவர்கள் டோங்காவின் ஆட்கள்தான். அதற்குத் துப்பறிய எந்தப் பேக்கர் தெருவிலிருந்தும் யாரும் வரவில்லை.

சிலம்பு காட்டும் தராசு

'இது வெறும் கதைதானே ஐயா, இவ்வளவு கறாரா?' என்று கேட்கலாம். சான்று, சான்று என்று பெருமை பேசும் கதையை அதன் சொந்தப் படிக்கல்லாலேயே நிறுத்துப் பார்க்கிறேன். அவ்வளவுதான். இந்தப் படிக்கல்லில் தேறிய தமிழ்க் காப்பியம் ஒன்று நம்மிடம் இருக்கிறது.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை நினைத்துப் பாருங்கள். காவலர் கோவலனைப் பார்த்து, இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். அது காட்சி. உடனே பொற்கொல்லன் களவு நூலை எடுத்து விடுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்கு எட்டுத் துணை உண்டு, நீங்கள் கண்ணால் காண்பதை நம்பாதீர்கள் என்று பழங்கதையும் சேர்த்து அடுக்குகிறான். அது உரை. கள்ளன் யாரென்றால் அப்படி ஓதுகிறவனே! அந்த உரையைக் கேட்டுக் குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கெசட்டியரை வாசித்துக் காட்டும் ஹோம்ஸுக்கும் களவு நூலை ஓதும் பொற்கொல்லனுக்கும் நோக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். செயலில் ஒன்றுதான். எதிரே நிற்கும் மனிதனைப் பார்ப்பதற்குப் பதிலாக அவன் இனத்தைப் பற்றிய நூலைப் பார்ப்பது.

ஆனால் இளங்கோவடிகள் அங்கே நிறுத்தவில்லை. கண்ணகி வருகிறாள். சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். மறுக்க முடியாத பொருட்சான்று. தீர்ப்பளித்தவன் தன் தவறை உணர்ந்து உயிரை விடுகிறான். அடிகள் இறந்தவன் பக்கத்திலிருந்து பேச ஒருத்திக்கு இடம் கொடுத்தார். டாயில் நாவலில் டோங்காவுக்காகப் பேசக் கண்ணகி இல்லை. ஹோம்ஸ் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார், பாண்டியன் தன்னையே குற்றவாளியாகக் கண்டுபிடிக்கிறான். இரண்டாவது கண்டுபிடிப்புத்தான் பெரிது என்பது என் கருத்து.

நமக்கு என்ன

இது எல்லாம் பழங்கதை என்று விடுவதற்கில்லை. உறவில் கல்யாணம் காட்சி என்று வந்தவாசிப் பக்கம் போனால், படித்து வேலையில் இருக்கும் பிள்ளைகளே, 'மாமா, உங்க ஊர்ல மனுஷனைச் சாப்பிடுறவங்க இருக்காங்களாமே?' என்று கேட்கிறார்கள். இங்கே சுற்றிப் பார்க்க வருகிற உறவினர் இறங்கியதும் இறங்காததுமாக 'ஜாரவாவைக் காட்டுவீங்களா?' என்கிறார்கள். 2012-ல், ஜாரவாப் பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடச் சொன்ன வீடியோ வெளியாகி உலகமே காறித் துப்பியது நினைவிருக்கும். ஸ்மால் சந்தையில் டோங்காவை ஆட வைத்ததற்கும் இதற்கும் நூற்றுச் சொச்சம் வருடம் தவிர என்ன வித்தியாசம்? 2018-ல் வட சென்டினல் தீவுக்குச் சட்டத்தை மீறிப் போன அமெரிக்க இளைஞர் இறந்தபோது எத்தனை செய்திகளில் டாயிலின் கெசட்டியர் வாடை அடித்தது! தங்கள் வாசலுக்குள் வந்தவரைத் தடுத்தவர்கள் என்று எழுதியவர்கள் குறைவு.

நாமும் இந்த மண்ணுக்கு வந்தவர்களே. கைதியாக, கூலியாக, வியாபாரியாக, இலங்கையிலிருந்து கச்சால் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியவர்களாக வந்தோம். வெளியூரில் நம்மைப் பற்றியும் கெசட்டியர் பாணியில் யாராவது இரண்டு வரி எழுதி வைத்திருப்பார்கள். அது நமக்கு வலிக்கும் என்றால், பிறருக்கும் வலிக்கும்.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பொங்கல் விழாவில் நம் பிள்ளைகளுக்கு 'டோங்கா குற்றவாளியா?' என்று ஒரு பட்டிமன்றம் வையுங்கள். ஒரு அணிக்கு டாயிலின் நாவலைக் கொடுங்கள், மறு அணிக்கு மேன் எழுதிய நூலைக் கொடுங்கள், நடுவர் கையில் சிலப்பதிகாரம் இருக்கட்டும். புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால், எழுதியவர் நேரில் பார்த்தாரா, அவருக்கு அதில் லாபம் என்ன, எழுதப்பட்டவருக்குப் பேச இடம் கொடுத்தாரா என்று மூன்று கேள்வி கேட்கப் பிள்ளைகள் பழகட்டும். தீர்ப்பு எப்படி வந்தாலும் சரி, டோங்காவின் பக்கத்தைப் பேச இந்த ஊரிலாவது நாலு தமிழ்ப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள் என்று இருக்கும்.